இரண்டாவது மணி

இதை எழுத வேண்டாம் என்று என்னோடு வேலை செய்கிற லுபோர் கெஞ்சினான். எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பெயர் யார்மிலா. பிர்னோ நகரத்தில் இருக்கிறேன். என் தொழில் சத்தம் கேட்பது. சரியாகச் சொன்னால், பதிவுகளில் விழுந்துவிட்ட வேண்டாத சத்தத்தைக் கேட்டுப் பிடித்து எடுத்து எறிவது. பருப்பில் கல் பொறுக்குகிற வேலை. இருமல், நாற்காலி முனகல், எங்கோ தூரத்தில் போகும் லாரி என்று எதுவும் என்னிடமிருந்து தப்பாது. அதனால் எனக்கு ஏதோ பிரமை என்று யாரும் சொல்லிக்கொண்டு வர வேண்டாம்.

எங்கள் கம்பெனியில் மூன்றே பேர். பழைய தேவாலயங்களில் இருக்கும் குழல் ஆர்கன்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவோம். ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, ஒவ்வொரு குழலையும் தனித்தனியாக ஊதவைத்து, எதிரொலி அடங்கும்வரை பதிவு செய்வோம். அதை மென்பொருளில் ஏற்றிவிட்டால், வாங்கியவர் தன் வீட்டு அறையில் உட்கார்ந்துகொண்டு முந்நூறு வருடத்து ஆர்கனை வாசிக்கலாம்.

லுபோர் மைக் வைப்பான். நான் சுத்தம் செய்வேன். வாசிப்பது, திட்டுவது, பெயர் வாங்குவது எல்லாம் முதலாளி ஒத்தகார் வித்ரா.

அவர் விரல்களில் வித்தை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போதும் என்ற வார்த்தை மட்டும் அந்த வாயில் வராது. என் அம்மாவை அடக்கம் செய்த அன்று லீவு கேட்டேன். "மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்ல? சாயங்காலம் வந்துடு" என்றார். போனேன். போய் ராத்திரி வரை உட்கார்ந்து வேலை செய்தேன். அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அவருக்கு வலது முழங்காலில் ஒரு சொடக்கு உண்டு. காலை மடக்கி நீட்டினால் 'சொடக்' என்று கேட்கும். ஆர்கனைக் காலாலும் வாசிக்க வேண்டும் என்பதால், அவர் வாசித்த பதிவு எல்லாவற்றிலும் அந்தச் சொடக்கு விழுந்திருக்கும். அதைத் துடைத்து எடுப்பதே என் வேலையில் பாதி. தூக்கத்தில் கேட்டாலும் இது ஒத்தகார் முழங்கால் என்று சொல்லிவிடுவேன்.

போன வருடம் நாங்கள் வெளியிட்ட ஆர்கனை வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே குறை சொன்னார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, உயிர்தான் இல்லை என்றார்கள். ஒத்தகார் ஒரு வாரம் தூங்கவில்லை.

"மோட்டார்தான் காரணம்" என்றார் ஒரு நாள். "மோட்டார் கொடுக்கிற காத்து மேசை மாதிரி மட்டமா இருக்கு. அந்தக் காலத்துல ஆளுங்க துருத்தியைக் காலால மிதிச்சாங்க. காத்து கொஞ்சம் தள்ளாடும். ஆர்கன் மூச்சு விடும். அந்த மூச்சு வேணும் எனக்கு."

அப்படித்தான் ஓல்ஷினாவுக்குப் போனோம். மலையடிவாரத்தில் சின்ன ஊர். அங்கே தேவாலயத்து ஆர்கனுக்கு மோட்டார் வைத்துவிட்டார்கள், ஆனாலும் கால்துருத்தி அப்படியே இருந்தது. சாவி, கோவிலைப் பார்த்துக்கொள்கிற பாவ்லிகோவா அம்மாவிடம். கசகசா வைத்த பன் கொடுத்து உபசரித்தார். பிறகு ஆர்கனின் வலது பக்கம் இருந்த ஒரு மரக்குமிழைத் தொட்டுக் காட்டினார்.

"இதை ஒரு தடவை இழுத்தா மேல துருத்தி அறையில மணி அடிக்கும். மிதிக்க ஆரம்பின்னு அர்த்தம். வேலை முடிஞ்சதும் இன்னொரு தடவை இழுக்கணும். இறங்குன்னு அர்த்தம். அந்த ரெண்டாவது மணியை மறந்துடாதீங்க."

"மறந்தா என்னம்மா ஆகும்?" ஒத்தகார் சிரித்தார்.

"மறக்காதீங்கன்னு சொல்றேன். மோட்டார் போட்டு வாசிச்சாக்கூட, கடைசியில ஒரு தடவை இழுத்துட்டுத்தான் நாங்க கதவைச் சாத்துவோம்."

"ஆகட்டும்மா, ஆகட்டும்" என்று அவரை அனுப்பிவைத்தார்.

லுபோர் மைக்குகளை வைத்தான். துருத்தி அறையிலும் ஒன்று வைத்தான். பொழுது சாயும்போது அவனுக்குக் குளிர்ஜுரம் வந்து விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டான். அவனும் நானும் சேர்ந்து மிதிப்பதாகத்தான் பேச்சு.

"ரெண்டு பேர் மிதிக்கிற இடம் சார் இது" என்றேன்.

"சின்னக் குழல்களை மட்டும் இன்னைக்கு எடுப்போம். நீ ஒருத்தி போதும். உடம்பும் இளைக்கும்."

பத்திக்கொண்டு வந்தது. மேலே ஏறினேன்.

ராத்திரியில்தான் இந்த வேலை நடக்கும். பகலில் டிராக்டர், பறவை, நாய் எல்லாம் மைக்கில் விழும். போனைக் கீழே வைத்துவிட்டேன். கைக்கடிகாரத்தின் டிக் டிக்கும் ஆகாது, கழற்றிவிட்டேன். கோபுரத்துக் கடிகாரத்தையும் நிறுத்தியாயிற்று. இங்கே சொல்கிற நேரமெல்லாம் பதிவுக் கருவியில் பிறகு பார்த்தது.

துருத்தி அறை ஆர்கனுக்குப் பின்னால், கோபுரத்துக்குள் இருந்தது. பலகைச் சுவர். கட்டில் அளவுக்கு இரண்டு துருத்திகள், இரண்டுக்கும் தனித்தனிக் கால்பலகை. பலகைமேல் ஏறி நின்றால் அது கீழே இறங்கும், துருத்தி மேலே எழும்பும். இறங்கி அடுத்த பலகைக்குப் போக வேண்டும். முதல் துருத்தி மெல்ல அமிழ்ந்து குழல்களுக்குக் காற்றுக் கொடுக்கும். அது காலியாவதற்குள் திரும்பி வர வேண்டும்.

காற்றில் கதவு ஆடியது. ஒத்தகார் வெளியிலிருந்து பூட்டினார்.

"ஏன் சார் பூட்டறீங்க?"

"கதவு கடகடங்குது. மைக்ல விழும். ரெண்டாவது மணி அடிச்சதும் திறக்கிறேன், மகாராணி."

10.52. என் தலைக்கு மேலே சின்ன மணி அடித்தது. மிதிக்க ஆரம்பித்தேன்.

கீழே ஒரு குழல் ஊதும். நிற்கும். எதிரொலி அடங்கும். அடுத்த குழல். ஒரு மணி நேரத்தில் தொடை இறுகிவிட்டது. மார்ச் மாதக் குளிரிலும் முதுகு நனைந்துவிட்டது. இடது பலகை, வலது பலகை, இடது பலகை.

முதலில் கவனித்தது குளிரை. வலது பலகைக்குப் போகும்போது மட்டும் கால் சில்லிட்டது. சுவரில் எங்கோ ஓட்டை இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வாடை. நனைந்த கம்பளியும் மாட்டுக்கொழுப்பு மெழுகுவர்த்தியும் கலந்த வாடை. என் கையில் இருந்தது டார்ச் லைட்.

12.31. இடது பலகையிலிருந்து இறங்கி வலது பலகைமேல் கால் வைத்தேன். அது ஏற்கனவே கீழே இருந்தது.

கணக்குத் தப்பிவிட்டது போல. இடதுக்கே திரும்பினேன். மிதித்தேன். திரும்பினேன்.

வலது பலகை கீழே இருந்தது.

என் காலில் ரப்பர் ஷூ. மிதித்தால் 'தொப்' என்று கேட்கும். இப்போது அதற்குப் பிறகு இன்னொரு சத்தமும் கேட்டது...

தொப்... டக்.

தொப்... டக்.

மரச்செருப்பு.

நான் நின்றுவிட்டேன். 'தொப்' நின்றது. 'டக்' நிற்கவில்லை.

டார்ச்சைத் திருப்பினேன். வலது பலகை இறங்கியது. மெல்ல ஏறியது. மறுபடி இறங்கியது. அதன்மேல் யாரும் இல்லை. துருத்தி நிறைந்துகொண்டே இருந்தது. கீழே குழல் ஒரு பிசிறும் இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தது.

பிறகு எப்படியோ கதவுக்கு ஓடி இரண்டு கையாலும் அடித்தேன்.

"சார்! கதவைத் திறங்க! இங்க யாரோ இருக்காங்க!"

குழல் நின்றது. அவர் காதில் விழுந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

"யார்மிலா! சத்தம் போடாதே! பதிவு கெடுது!" கீழேயிருந்து அவர் குரல்.

"சார், ப்ளீஸ்... பயமா இருக்கு சார்..."

"இன்னும் நாப்பது கட்டை பாக்கி இருக்கு. எலியைப் பார்த்து அலறாம மிதி."

மறுபடி குழல் ஊத ஆரம்பித்தது.

கதவில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தேன். எதிரே பலகை இறங்கியது, ஏறியது. யாரோ மூச்சு வாங்கினார்கள். பெண் மூச்சு. களைத்துப்போன மூச்சு. ஆச்சரியம் என்னவென்றால், பயத்துக்கு மேலே எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் அடக்கம் ஞாபகம் வந்தது. அழுகை வந்தது. ஒத்தகாரை நினைத்து வயிறு எரிந்து சொன்னேன்.

"உன்னையும் ஒருத்தர் இப்படிப் பூட்டி வெக்கணும்டா. உன் காலும் இப்படி நிக்காம மிதிக்கணும். உனக்கு ரெண்டாவது மணி அடிக்கவே கூடாது!"

பலகை நின்றது.

பாதி வழியில்... அப்படியே நின்றது.

மூச்சும் நின்றது. யாரோ என் பக்கம் திரும்பிக் கேட்பது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

டக். டக்.

இரண்டே தட்டு. சரி என்று சொல்வது போல.

பிறகு பலகை மறுபடி இறங்கியது. முன்னைவிட வேகமாக.

3.17. பூட்டு திறந்தது. மணி அடிக்கவில்லை. ஒத்தகார் கதவில் நின்றார்.

"முடிஞ்சது, வா. பிரமாதமா மிதிச்சிருக்க! கடைசி நாப்பதும் முத்து மாதிரி."

"மணி அடிக்கலையே சார்?"

"முதல் தடவை அடிச்சதே அருமையா பதிவாயிருக்கு. ஒண்ணு போதும். ரெண்டாவது எதுக்கு?"

"இறங்கச் சொல்ற மணி சார் அது. அந்த அம்மா சொன்னாங்கல்ல..."

"இறங்கறதுக்கு உனக்கு மணி வேணுமா? கழுத்துல கட்டி விடட்டா?"

என் முதுகுக்குப் பின்னால் பலகை இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் கேட்டது. துருத்தி அடங்குகிறது என்றார். நான் படிகளில் ஓடினேன். காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

காலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "ரெண்டாவது மணி அடிச்சீங்களா?" என்று பாவ்லிகோவா அம்மா கேட்டார். "அடிச்சோம்மா" என்றார் ஒத்தகார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிர்னோவுக்கு வந்து பதிவுகளைப் போட்டேன். துருத்தி அறை மைக்கில் என் ரப்பர் ஷூ இருந்தது. மரச்செருப்பும் இருந்தது. ஒரு குழலின் பதிவிலிருந்து அதை வெட்டி எடுத்தால் அடுத்த குழலில் இருக்கும். அதில் எடுத்தால், ஏற்கனவே சுத்தம் செய்த முதல் குழலில் வந்து உட்கார்ந்திருக்கும். என் தொழிலில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஒத்தகாரைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இதைத் தொடாதே! இதுதான்! இதுதான் உயிர்!"

அப்படியே விட்டுவிட்டார். திரையில் அந்த மரக்குமிழையும் படமாக வைத்தார். அதை இழுத்தால்தான் மணி அடிக்கும், காற்று வரும், ஆர்கன் பேசும்.

"மறுபடி இழுத்தா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா ஓய்வு?"

மே மாதம் வெளியிட்டோம். வாங்கியவர்கள் கொண்டாடினார்கள். கண்ணை மூடினால் கோவிலில் இருப்பது போல இருக்கிறது, யாரோ பக்கத்தில் மூச்சு விடுவது போல இருக்கிறது என்று எழுதினார்கள். ஒத்தகார் ராத்திரி பகலாக ஸ்டூடியோவிலேயே அதை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி. 1.44. போன் அடித்தது. ஒத்தகார்.

முதலில் பேச்சே இல்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். அதன் நடுவே... சொடக். சொடக். சொடக்.

"யார்மிலா... நிக்கல..."

"என்ன சார் நிக்கல?"

"கால்... கால் நிக்கல. கம்ப்யூட்டரை அணைச்சுட்டேன்... அணைச்சுட்டேன்மா... இன்னும் கேக்குது. கதவு திறக்கல..."

சொடக். சொடக்.

"பின்னால யாரோ நிக்கறாங்க... நீ போ. ஓல்ஷினாவுக்குப் போ. அந்த... ரெண்டாவது மணி... அடிச்சிடும்மா..."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"ஒண்ணு போதும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

காலையில் ஸ்டூடியோவைக் கூட்ட வந்தவள்தான் பார்த்தாள். ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். மாரடைப்பு என்று எழுதினார்கள். அறைக்கதவு பூட்டியே இல்லை. காலில் பளபளவென்று துடைத்த ஷூ. அதைக் கழற்றிய டாக்டர் அவர் மனைவியைக் கேட்டாராம், இவர் நேற்று எங்கே இவ்வளவு தூரம் நடந்தார் என்று. உள்ளங்கால் இரண்டிலும் தோலே இல்லை.

அடக்கம் முடிந்து நானும் லுபோரும் ஓல்ஷினாவுக்குப் போனோம். நான் கேட்பதற்கு முன்பே பாவ்லிகோவா அம்மா கேட்டார். "அன்னைக்கு அடிக்கலதானே?"

"அடிக்கலம்மா."

"மிதிக்கச் சொன்னவங்கதான் இறக்கி விடணும், அதுக்கப்புறம் நாங்க அடிச்சதெல்லாம் செல்லாது. அவ பேரு அப்போலேனா. அந்தக் காலத்துல இங்க துருத்தி மிதிச்ச விதவை. கைக்குழந்தைக்காரி. பிரசங்கம் நடக்கும்போது, அடுப்புல விறகு போட வீட்டுக்கு ஓடிப் போயிட்டு வருவா. ஆர்கன் வாசிச்ச வாத்தியாருக்கு அது பிடிக்கல. வெளியிலருந்து பூட்டிட்டார். கிறிஸ்துமஸ் ராத்திரி பூசை முடிஞ்சதும் மணியும் அடிக்காம, கதவும் திறக்காம குடிக்கப் போயிட்டார். மணி அடிக்காம இறங்கினா கூலி கிடையாது. விடிஞ்சு பார்த்தா பலகை மேல நின்னபடியே விறைச்சுப் போயிருந்தா."

"குழந்தை?" என்றான் லுபோர்.

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"அந்த வாத்தியார்?" என்று கேட்டேன்.

"அந்தாளுக்கு என்ன? நல்லா வாழ்ந்து, வயசாகி, படுக்கையில செத்தான். அதான் அவளுக்கு ஆறல." சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "மேல போய்ப் பாரு. இப்பல்லாம் அந்த அறையில குளிரே இல்ல."

போய்ப் பார்த்தேன். குளிர் இல்லை. வாடையும் இல்லை. வெறும் பழைய மரம்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் லுபோர் தன் அலமாரியைத் திறந்து அந்த ராத்திரியின் மூலப் பதிவை எடுத்துக் கொடுத்தான். மார்ச் மாதம் பூட்டி வைத்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நான் ஹெட்போனை மாட்டி, துருத்தி அறை மைக்கை மட்டும் போட்டேன்.

10.52. மணி. என் ரப்பர் ஷூ. தொப்... தொப்...

12.31...

மரச்செருப்பு இல்லை.

தொப்... சொடக்.

தொப்... சொடக்.

நான் கதவை அடிப்பது கேட்டது. நான் அழுவது கேட்டது. என் சாபம் கேட்டது. எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த முழங்கால். ஆண் மூச்சு.

3.17. பூட்டு திறக்கும் சத்தம். "முடிஞ்சது, வா" என்று ஒத்தகார் கதவிலிருந்து சொல்கிறார். அதே நேரம் பலகையின்மேல்... சொடக். சொடக். சொடக்.

லுபோரும் கேட்டான். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். விற்ற ஆர்கனையும் போட்டுப் பார்த்தோம், எல்லாவற்றிலும் இப்போது இதுதான் கேட்கிறது. வாங்கியவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உலகத்தில் எங்கோ யாரோ திரையில் அந்தக் குமிழை இழுக்கிறார்கள். மணி அடிக்கிறது. அவர் மிதிக்க ஆரம்பிக்கிறார். இறங்கச் சொல்லும் மணி அதில் கிடையாது. வேண்டாம் என்றவர் அவரேதான்.

"அக்கா, போய் அடிச்சிட்டு வந்துடலாம்க்கா" என்கிறான் லுபோர். "ஒரு இழுப்பு. பதிவு பண்ணி எல்லாருக்கும் அனுப்பிடலாம். பாவம்க்கா."

அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன்.

ஓல்ஷினா காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கோவில் சாவி இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. நேற்று ராத்திரியும் போட்டுக் கேட்டேன். கொஞ்சம் தள்ளாடுகிறார். இருந்தாலும் காற்று நிற்கவில்லை. நன்றாகத்தான் மிதிக்கிறார்.

இன்னும் கொஞ்சம் மிதிக்கட்டும்.